மதிலும் வாயிலும்

ஒரு மதில் நல்லதா, கெட்டதா? சிறு பிள்ளை இப்படிக் கேட்டால் நாம் சிரிப்போம். காலிக் கோட்டையின் மதில்மேல் ஒரு மாலைப்பொழுதில் நடந்தபோது என் மனமே அதைக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இலங்கையின் தென்கரையில், மூன்று புறமும் கடல் சூழ்ந்த நிலமுனையில் நிற்கிறது அந்தக் கோட்டை. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் தொடங்கினார்கள். 1640-இல் டச்சுக்காரர் அதைப் பறித்துக்கொண்டு பெருங் கற்கோட்டையாக வளர்த்தார்கள். 1796-இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. நிலத்தை நோக்கிய மூன்று கொத்தளங்களுக்குச் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர். எவ்வளவு அழகான பெயர்கள்! ஆனால் அவை எழுந்தது உள்நாட்டிலிருந்து வரக்கூடிய படையைத் தடுப்பதற்கு. அடுத்தவன் நிலத்து இலவங்கப்பட்டையை அள்ளிப்போக வந்தவனுக்கு, அந்த நிலத்தின் மக்களைக் கண்டுதான் உறக்கம் கெட்டிருக்கிறது.

பேராசைக்கும் அச்சத்துக்கும் பிறந்த மதில் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நான் இறங்கி வந்திருப்பேன். ஆனால் 2004 டிசம்பர் 26 குறுக்கே வந்து நின்றது. அன்று ஆழிப்பேரலை காலி நகரின் பேருந்து நிலையத்திலும் கடைத்தெருவிலும் புகுந்து உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. கோட்டைக்குள் இருந்தவர்களைப் பெரும்பாலும் அந்தப் பழைய மதிலே காத்தது. கட்டியவன் நினைத்தது ஒன்று. காலம் கொடுத்த பயன் வேறொன்று. அந்தப் பயனும் உள்ளே இருந்தவர்க்கு மட்டுந்தானே? கூப்பிடு தூரத்தில், வெளியே பேருந்துக்குக் காத்து நின்றவர்கள் என்ன பிழை செய்தார்கள்?

இந்த எண்ணத்தோடு தெருக்களில் நடந்தேன். டச்சுக்காரரின் மாதாகோயில், பள்ளிவாசல், புத்தர் கோயில் எல்லாம் ஒரு நாழிகை நடைக்குள் அடங்கிவிடுகின்றன. கலங்கரை விளக்கத்தின் அருகே ஒரு முஸ்லிம் பெரியவர் தமிழில் பேச்சுக் கொடுத்தார். என் ஐயத்தை அவரிடம் சொன்னேன்.

"கல்லுக்கு ஆள் தெரியுமா, தம்பி?" என்றார் அவர். "வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிற மனுசனுக்கல்லவா தெரியும்!"

திரும்பும்போது பழைய வாயிலின் கீழ் நின்று பார்த்தேன். உட்புறத்தில் டச்சுக் கம்பெனியின் சின்னம், 1669 என்ற ஆண்டோடு. வெளிப்புறத்தில் ஆங்கிலேயரின் சின்னம். இருவரும் போய்விட்டார்கள். வாயில் இருக்கிறது, சாமானிய மக்கள் அதன் வழியே போய்வருகிறார்கள்.

நாமும் நாம் கட்டாத மதில்களுக்குள்தான் பிறக்கிறோம். தகப்பனார் வைத்துப்போன வீடு, பாட்டனார் காலத்திலேயே கிடைத்துவிட்ட படிப்பு, குலத்தின் பெயரால் தானே வந்து சேரும் மரியாதை, இவையெல்லாம் வேறென்ன? வெள்ளம் வரும் நாளில் இவை நம்மைக் காக்கின்றன. வெளியே நிற்பவரைக் காப்பதில்லை. இவற்றை எழுப்பியவர்களின் எண்ணத்துக்கு நாம் பொறுப்பில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஒருவேளை அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் இன்றைக்குச் சாவி நம் இடுப்பில் இருக்கிறது. வாயில் திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா என்ற கேள்விக்கு நம் முன்னோர் வந்து விடை சொல்ல முடியாது.