பெட்டியைக் காலி பண்ணுங்கள்!



கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் ஜனங்களைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப்போனான். புது ஊர், புரியாத பாஷை. சில வருஷம் கழித்து அனனியா என்கிறவன் எழும்பி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்றான். கேட்க இனிமையான வார்த்தை. கர்த்தர் சொன்னதோ வேறே! வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள், எழுபது வருஷம் ஆகும் என்று எரேமியா கடிதம் எழுதினார் (எரேமியா 28, 29).

பிரியமானவர்களே, 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பமாய் ரொறன்ரோ வந்திறங்கின எத்தனையோ பேர், "ரெண்டு வருஷம், பிறகு ஊருக்குப் போயிடுவம்" என்றார்கள். பெட்டி கட்டிலுக்கடியில் கட்டினபடியே கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. பிள்ளைக்கோ இதுவே சொந்த ஊராகிவிட்டது! ஒரே வீட்டுக்குள்ளே அப்பா ஒரு ஊரில், பிள்ளை ஒரு ஊரில்!

பிறந்த ஊரை மறக்க வேண்டுமா? வேண்டாம். தானியேல் பாபிலோன் ராஜாவின் வேலையை உண்மையாய்ச் செய்தான். எருசலேமுக்கு நேரான பலகணிகள் திறந்திருக்க, தினம் மூன்று வேளை முழங்காலிலும் நின்றான் (தானியேல் 6:10).

ஆகவே இந்த வாரமே பெட்டியைக் காலி பண்ணுங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி சுகம் விசாரியுங்கள். இரவு குடும்ப ஜெபத்தில் உங்கள் தெருவின் பெயரையும், பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொல்லி ஜெபியுங்கள். பிள்ளையையே ஜெபிக்கச் சொல்லுங்கள். ஊர் சுகமாயிருந்தால் நம் வீடும் சுகமாயிருக்கும்.

நம்மை அழைத்துவந்தவர் இங்கேயும் இருக்கிறார். அல்லேலூயா! ஆமென்.