மூவர் கூற்றும் ஒரே கூற்றும்

ஒரு செய்தி பலர் வாயிலாக வருவதனாலேயே மெய்யாகுமா என்பது இதழியல் அறத்தின் அடிப்படை வினாவாகும். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் இவ்வினாவுக்கு விடை தருகிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்ததைப் பிறிதோர் ஒற்றனால் ஆராய்தல் வேண்டும். மூவர் கூற்று ஒத்திருப்பின் தெளியலாம் என்பது வள்ளுவர் கருத்து. ஆயின் அம்மூவரும் ஒருவரையொருவர் அறியாதவராதல் வேண்டும் என்னும் வரையறை நோக்கத்தக்கது. தொடர்பின்மையே உடன்பாட்டைச் சான்றாக்குகிறது.

தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் காணொளிகள் பரவின. நாளிதழ்கள் சிலவும் அச்செய்தியை வெளியிட்டன. அக்காட்சிகள் தொடர்பில்லாத வேறு நிகழ்வுகளின் பதிவுகள் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஆயிரம் கைப்பேசிகளில் வந்த ஒரே காணொளி ஆயிரம் சான்றாகாது. அதன் மூலப் பதிவு எங்கு, எப்போது தோன்றியது எனத் தேடிக் காணும் கணினித் திறன் செய்தியறைக்குத் தொழில்நுட்பம் மட்டுமன்று, அறக்கடமையுமாகும்.

அரசின் மறுப்பே போதாதோ எனின், இந்நிகழ்வில் அம்மறுப்பு மெய்யே. எனினும் செய்திக்குப் பொருளானவரே அதன் நடுவராதல் பொருந்தாது. ஒன்றிய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைத் தானே பொய்யெனக் குறிக்க வழிசெய்த 2023ஆம் ஆண்டின் விதியை மும்பை உயர் நீதிமன்றம் 2024இல் நீக்கியது.

ஒற்றன் அரசனுக்குக் கடன்பட்டவன். இதழாளன் படிப்பவர்க்குக் கடன்பட்டவன். அஞ்சி ஊர் திரும்பும் தொழிலாளியை மறுநாள் வெளியாகும் திருத்தம் எட்டுவதில்லை. ஆதலின் சரிபார்த்தல் வெளியீட்டிற்கு முன்னர் நிகழ்வதே அறமாகும்.