இளைஞரும் வெகுளியும்



காமம், வெகுளி, மயக்கம் ஆகிய மூன்றும் தீவினையின் வேர்கள் எனப் பகவன் புத்தர் அருளினார். இவற்றுள் வெகுளியே நம் இளைஞரை எளிதில் பற்றுகின்றது. அதன் காரணத்தை ஆராயாது, இக்காலப் பிள்ளைகள் அடங்காதவர் என்று தூற்றுவது முறையன்று.

வெகுளி தனியே பிறப்பதில்லை. அதற்கு முன்னே அவமானமோ, அச்சமோ, ஏமாற்றமோ நிற்கும். வேலை செய்யுமிடத்தில் சாதிப் பெயரால் இகழப்பட்ட இளைஞன், அங்கே வாய் திறவாதிருந்து, இரவில் வீடு வந்து தாயின்முன் சோற்றுத் தட்டை வீசுகின்றான். தட்டை மட்டும் காண்போர் அவனைத் தீயவன் என்பர். ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும் என்று கற்ற நாமோ, அத்தட்டு எங்கிருந்து புறப்பட்டது என்று தேடுதல் வேண்டும். மேலும், எண்ணி அடங்கும் ஆற்றலுக்குரிய மூளையின் முன்பகுதி ஏறக்குறைய 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கின்றது என்பர் மருத்துவ நூலார். ஆகவே இளைஞர்க்கு வேண்டுவது வசையன்று, பயிற்சியே.

இராசகிருகத்து வேணுவனத்தில் பாரத்துவாசன் என்னும் பார்ப்பனன், தன் குலத்தான் ஒருவன் சங்கத்திற் சேர்ந்தமை பொறாது, பகவனை வாய்க்கு வந்தபடி ஏசினான். விருந்தினர் ஏற்காத உணவு யாருக்கு உரியது என்று பகவன் வினவினார். இட்டவனுக்கே என்றான் அவன். அவ்வாறே நாம் ஏற்காத வசையும் இட்டவனிடமே தங்கும் என்று விளக்கினார் பகவன். ஏசியவனே பின்னர்ச் சங்கம் புகுந்தான்.

அநீதியை வாய்மூடிப் பொறுக்க வேண்டுமோ என்று இளைஞர் கேட்பர். வேண்டா! 1927 மார்ச்சு 20ஆம் நாள் மகாட் நகரில் சவுதார் குளத்து நீரைப் பருகிய நம் மக்களைச் சாதி இந்துக்கள் கூட்டமாய் வந்து தாக்கினர். பதிலுக்குத் தாக்க எழுந்தோரைப் பாபாசாகேப் அம்பேத்கர் தடுத்தார். உரிமையை மட்டும் விட்டாரில்லை. வழக்கு நடந்து, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கமே தீர்ப்பளித்தது. அன்று கைகலந்திருந்தால் குளத்துரிமை வழக்கு அடிதடி வழக்காகச் சிறுத்திருக்கும்.

இன்றும் அப்படியே. பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியார்க்கும் 1990 முதல் அவ்வுரிமைகள் உண்டு. பிறர் காணுமிடத்தில் சாதியால் இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நம் பிள்ளை கை ஓங்கினால் இகழ்ந்தவன் வாதியாகி விடுவான். நாளும் இடமும் சாட்சியும் குறித்து முறையிட்டால் அவனே விடை கூற நேரும்.

பஞ்சாலையில் உழைத்த நாம் ஒன்று அறிவோம். பஞ்சோடு வந்த சிறு இரும்புத் துண்டு எந்திரத்தில் உரசினால் பொறி எழும். பொறியாய் இருக்கையில் அணைத்தல் எளிது. பொதி பற்றியபின் அரிது. சினத்தின் பொறி உடலில் தெரியும்: மூச்சு விரையும், நெஞ்சு படபடக்கும், தாடை இறுகும். அப்போதே, சினம் எழுகின்றது என உள்ளே அறிந்து, அவ்விடம் விட்டு அகன்று, மூச்சை மெல்ல வெளிவிடுக. பசியும் உறக்கமின்மையும் சினத்திற்கு நெய் வார்ப்பன, அவற்றையும் நீக்குக. நாள்தோறும் இரவில் மைத்திரி பாவனை செய்க. முதலில் தனக்கு, பின் அன்பர்க்கு, பின் அயலார்க்கு, இறுதியிற் பகைவர்க்கு.

பெற்றோர்க்கும் ஒரு சொல். அடித்துச் சினத்தை அடக்குவோர் சினத்தையே கற்பிக்கின்றனர். கொதிக்கும் வேளையில் அறிவுரை ஏறாது. ஆறியபின் அருகமர்ந்து, "இன்று உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேளுங்கள்; இடைமறியாது முழுதும் கேளுங்கள்.

அவன் வீட்டாரை அடிக்கவோ, தன்னையே வருத்தவோ தொடங்கினால் மருத்துவரை நாடத் தயங்காதீர். அரசின் இலவச மனநலத் தொலைபேசி 14416 என்னும் எண்ணில் 2022 முதல் இயங்குகின்றது. நோயுற்றோர்க்குப் பணிவிடை செய்யச் சொன்ன பகவன் மருந்தை விலக்கினாரில்லை.

சகோதரர்களே! நம் இளைஞரின் வெப்பம் நமது செல்வம். அது வீட்டை எரிக்கும் தீயாகாது, வழி காட்டும் விளக்காகட்டும்.

நமோ புத்தாய!