ஒடுக்கமும் துண்டாடலும்

(சுங்கை லாலாங் கோயில் மண்டபம். சைவ சித்தாந்த வகுப்பு முடிந்த நேரம். மாணவி பிரசவ வார்டில் தாதி.)

மாணவி: உலகம் ஒடுங்கும் என்றீர்கள் ஐயா. ஒடுங்குவதும் அழிவதும் ஒன்றுதானே?

ஆசிரியர்: நீ பார்க்கும் வேலையிலேயே பதில் இருக்கிறது அம்மா. கர்ப்பப்பை எதற்காகச் சுருங்குகிறது?

மாணவி: வாய் திறக்கத்தான். ஒவ்வொரு வலிக்கும் மேல்பகுதித் தசை சுருங்கும். வலி விட்டாலும் பழைய நீளத்துக்குத் திரும்பாது. அப்படியே கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்கும். பிள்ளை பிறந்த பிறகும் இறுகிச் சுருங்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தப்போக்கு நிற்காது, தாய் பிழைப்பதே கஷ்டம்.

ஆசிரியர்: சரி, பால்மரம் என்ற சொல்லை விரி.

மாணவி: பாலை உடைய மரம். 'ஐ' உருபும் 'உடைய' என்பதும் தொக்கி நிற்கின்றன.

ஆசிரியர்: நிற்கின்றன என்றுதானே சொன்னாய்? மெய்கண்டார் நெறியிலும் அதுதான் ஒடுக்கம். உலகம் தன் முதற்காரணமான மாயையில் ஒடுங்கும், இல்லாமல் போகாது. அந்தப் பால்மரத்து ரப்பரையே எடுத்துக்கொள். எடை தொங்கவிட்டு நீட்டிய ரப்பரில் சுடுநீர் ஊற்றினால்?

மாணவி: இன்னும் நீளும்.

ஆசிரியர்: சுருங்கும்! இரும்புக்கு நேர்மாறு. 1805-இல் ஜான் கஃப் எழுதிவைத்தார். 1859-இல் ஜூல் அளந்தே காட்டினார். ரப்பருக்குள் இருப்பவை நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். இழுத்தால் நிமிரும். சூடேறினால் துள்ளும். நிமிர்ந்து நிற்க வழி குறைவு, சுருண்டு கிடக்க வழி ஏராளம். அதனால் சுருளவே பார்க்கும்.

மாணவி: அப்படியானால் நம் ரப்பர் தோட்டங்கள்? 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றன. வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். வேலையோடு வீடும் போனது. அதையும் ஒடுக்கம் என்பீர்களா?

ஆசிரியர்: மாட்டேன். அது துண்டாடல். அறுந்த ரப்பருக்குச் சுருங்கும் வலு ஏது? அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுக்காரர்கள் கூலியிலிருந்து 10 வெள்ளியாகக் கட்டிச் சேர்த்த பணம் அது. முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம்தான்.

மாணவி: அதற்குள் வெளியேற்றப்பட்டவர்கள்?

ஆசிரியர்: அவர்கள் இழந்தது இழந்ததுதான். மாயையில் ஒடுங்கியது என்று சொல்லி அவர்கள் வாயை அடைக்க எந்தச் சாத்திரத்துக்கும் உரிமையில்லை, நான் நடத்தும் சாத்திரத்துக்கும்தான்.