நாணமா, அச்சமா?

ஹயா என்னும் நாணம் ஈமானின் ஒரு கிளை என்பதை அறியாதவர் நம் இல்லங்களில் இலர். ஆயினும் பள்ளிக்கூடத்துக் கணினியின் முன்னே விரல் நடுங்க நிற்கும் பிள்ளையிடம் காணப்படுவது அந்த நாணந்தானா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் ஓடைப்பட்டி திராட்சைக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே கவாத்துக் கத்தரியை முதன்முறை கையிலெடுக்கும் இளைஞன் அஞ்சுவதில் நியாயமுண்டு. தவறாக வெட்டிய கொடியை ஒட்டவைக்க இயலாது. அந்தப் பருவத்தின் காய்ப்பே போய்விடும். கணினியோ பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும் கருவி. அழித்த வரியை மறுகணமே மீட்டுவிடலாம். அப்படியிருந்தும் கத்தரிக்குத் துணியும் கை விசைப்பலகையின்மேல் ஏன் தயங்குகிறது? பந்தலின்கீழ்த் தந்தை அருகில் நின்று கற்பிக்கிறார். கணினி அறையிலோ ஒரு கருவியைச் சூழ்ந்து நான்கைந்து பேர். வீட்டில் பழகி வந்தவன் தட்டுவான், மற்றவர் பார்த்திருப்பர். ஆக, பிள்ளை அஞ்சுவது இயந்திரத்தையன்று, பக்கத்திலிருப்பவனின் சிரிப்பை.

நன்மைக்குத் தடையாகும் கூச்சம் உண்மையான ஹயா ஆகாது, அஃது இயலாமையே என்ற அறிஞர் விளக்கத்தை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் முஸ்லிம் விரிவுரையில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அன்சாரிப் பெண்டிரைப் புகழ்ந்ததும், மார்க்கத்தைக் கேட்டறிய நாணம் அவர்களைத் தடுக்கவில்லை என்பதற்காகவே.

2011 இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது மாணவியர் கைக்கும் அது வந்தது. வந்த பின்னர்? சில வீடுகளில் துணி சுற்றிப் பீரோவில் வைத்தார்கள். சில வீடுகளில் அது அண்ணனுடையதாயிற்று. 'தொட்டால் கெட்டுவிடும்' என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு, அவள் தொடாததை அடக்கம் என மெச்சுவது என்ன நீதி?

மறுபுறம், கைப்பேசியில் விரல் பறக்கும் பிள்ளை தனக்குக் கணினியும் தெரியும் என்கிறான். எழுதிய கோப்பை எங்கே சேமித்தாய் என்றால் விழிக்கிறான். இதற்கு நம் நூல்களில் 'உஜ்பு' என்று பெயர், தன்னம்பிக்கை வேறு. 'அல்காரிதம்' என்ற சொல் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அதனால் எந்தப் பிள்ளையின் விரலும் நடுக்கம் தீர்ந்ததில்லை! தன்னால் இயலும் என்னும் உறுதி, பிறர் சொல்லும் ஊக்கமொழியைவிடத் தானே செய்துமுடித்த அனுபவத்தில்தான் வலுவாக வேர்கொள்ளும் என்று உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பந்துரா 1977 இல் எழுதினார்.

ஒப்பிடத் துணியோம், ஆயினும் நினைத்துப் பார்க்கலாம். ஓதும்படி முதற் கட்டளை இறங்கியபோது நாயகம் (ஸல்) அவர்கள் நடுங்கியவர்களாகவே இல்லம் திரும்பினார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் முதலில் போர்த்திவிட்டார்கள். பிறகு, உறவினரைப் பேணியது, விருந்தினரை உபசரித்தது என நாயகம் அவர்கள் அதுவரை செய்துவந்தவற்றையே ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார்கள். அதன் பின்னரே, வேதமறிந்தவரான வரகாவிடம் அழைத்துச் சென்றார்கள்.