யார் பக்கத்துச் சிரிப்பு?

அபத்த நாடகம்னு சொன்னதுமே அர்த்தமின்மை, இருத்தலின் வெறுமை என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள் நம் விமர்சகர்கள். ஹெரால்ட் பின்டரின் ‘பிறந்தநாள் விருந்து’ நாடகத்தைப் படித்தபோது எனக்கு எந்த வெறுமையும் தட்டுப்படவில்லை. பயம்தான் தட்டுப்பட்டது. கூடவே சிரிப்பும் வந்தது. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் என் கேள்வி.

1958இல் லண்டனில் எட்டே காட்சிகளோடு நின்றுபோன நாடகம் அது. கடலோர ஊரில் ஒரு தங்கும் விடுதி. மெக், அவள் புருஷன் பீட்டி. அங்கே ஒளிந்துகிடப்பவன்போல் ஸ்டான்லி. யாரோ வேனில் வந்து ஆளைத் தூக்கிட்டுப் போகப்போறாங்கன்னு மெக்கைப் பயமுறுத்துகிறான். அவள் நடுங்குகிறாள். நான் சிரிச்சேன்.

பிறகு நிஜமாகவே ரெண்டு பேர் வர்றாங்க. ஏதோ ஓர் அமைப்பின் ஆட்கள். எந்த அமைப்பு, அவன் செஞ்ச குற்றம் என்ன, கடைசிவரை தெரியாது. உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு மாறிமாறிக் கேட்கிறார்கள். துரோகம், கொலை என்றெல்லாம் போகிற விசாரணை, கோழி முதலா முட்டை முதலா என்பதில் வந்து நிற்கிறது. அதுக்கும் சிரிச்சேன். அவன் அலறுகிறான்.

கேள்வியில் பொருள் இல்லாதது தற்செயலல்ல. பொருளுள்ள கேள்விக்குப் பதில் சொல்லி ஒருத்தன் தப்பிக்கலாம். இங்கே கேட்கிறவனுக்குப் பதில் தேவையேயில்லை. நான் கேட்பவன், நீ வாயைத் திறந்தாலும் மூடினாலும் குற்றவாளி என்று காட்டுவதுதான் நோக்கம். அது எனக்கு வேடிக்கையாகத் தெரிந்ததே, அந்த நாற்காலியில் நான் இல்லாததால்தான். மெக்கை மிரட்டியபோது ஸ்டான்லியும் அப்படி ரசித்தவன்தானே?

அதுக்காகச் சிரிப்பே பாவம்னு சொல்லமாட்டேன். சிரித்ததால்தான் நான் யார் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. சிரிப்பு நின்ற பிறகு என்ன செய்கிறோம்?

மறுநாள் காலை, பேச்சிழந்த ஸ்டான்லிக்குச் சவரம் செய்து, கோட்டு மாட்டிக் கூட்டிப்போகிறார்கள். பீட்டி தடுக்கப் பார்க்கிறார். அவரையும் காரில் வரச்சொல்லி மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். அடி இல்லை, வசவு இல்லை. அந்த மரியாதையிலேயே அவர் கால் நின்றுவிடுகிறது. மெக் வந்து கேட்டபோது, ஸ்டான்லி தூங்குவதாகச் சொல்லிவிடுகிறார்.

எனக்குச் சிரிப்பு வராத இடம் அதுதான். பீட்டி நல்ல மனுஷன். ஆனால் நல்ல மனுஷன் ஒருத்தர் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு பேசாம இருந்தால் போதும், கார் கிளம்பிப் போய்விடும்.