பிரேக்கில் கரையும் பெட்ரோல்

ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் செலவாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரேக்கை மிதிக்கும்போதுதான் அது வீணாகிறது என்பதை மனம் ஏற்க நாளாகிறது. உள்ளே போன பெட்ரோலில் ஒரு பகுதி வண்டியின் ஓட்டமாக மாறி நம் கையிலேயே இருக்கிறது. பிரேக் அந்த ஓட்டத்தைச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள சிறிய கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்து முழுதாக நிற்கிறது. பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டால், பழைய வேகத்தை எட்ட ஏறத்தாழ 17 மில்லி பெட்ரோல் வேண்டும். ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். லிட்டர் 100 ரூபாய் என்றால், ஒரு நிறுத்தத்துக்கு ஒன்றேமுக்கால் ரூபாய் அளவில் ஆகிறது. 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

*

சென்னையின் பல சிக்னல்களில் விநாடி எண் ஓடுகிறது. சிவப்பில் இன்னும் 40 என்று தொலைவிலேயே தெரிகிறது. தெரிந்தும் வண்டிகள் சீறிக்கொண்டு போய்க் கோட்டருகே பிரேக் அடிக்கின்றன. எண்ணைப் பார்த்தவுடனே காலை எடுத்துவிட்டால் வண்டி தன் ஓட்டத்திலேயே போய் மெல்லத் தணியும். பச்சை விழும்போது இரண்டாவது கியரில் இன்னும் உருண்டுகொண்டிருந்தால் அதுவே லாபம். நின்ற வண்டியை முதல் கியரில் நகர்த்துவதுதான் பெருஞ்செலவு.

இதற்குப் பார்வை நீள வேண்டும். முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்து ஓட்டுகிறவருக்கு எல்லாமே திடீரென்றுதான் நடக்கும். அதற்கும் முன்னால், மூன்றாவது வண்டி என்ன செய்கிறது, பேருந்து எந்த நிறுத்தத்தில் ஒதுங்கும், பள்ளி விடும் நேரமா என்று பார்க்கிறவருக்குக் கால் தானாகவே முன்கூட்டி எழும். எரிபொருள் சிக்கனம் காலில் இருக்கிறது என்கிறார்கள்; எனக்கு அது கண்ணில் இருப்பதாகவே படுகிறது.

*

அரசுப் பேருந்துப் பணிமனைகளில் 'கே.எம்.பி.எல்' அன்றாடப் பேச்சு. ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு அது. நல்ல கே.எம்.பி.எல் தரும் ஓட்டுநரின் வண்டியில் ஏறிய சில நிமிடங்களிலேயே அது தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன். நிற்கிறவர்கள் தடுமாறுவதில்லை. கூடையை மடியில் வைத்திருக்கும் பாட்டி முன் சீட்டுக் கம்பியைப் பிடிப்பதில்லை. நடத்துநர் கம்பியில் சாய்ந்தபடி இரண்டு கையாலும் டிக்கெட் கிழிக்கிறார்.

இதில் வியப்பில்லை. நம்மை முன்னே தள்ளும் அதே விசைதான் டீசலையும் தின்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றென்று உணர்ந்தபிறகு சிக்கனத்தின் மேலிருந்த பார்வையே எனக்கு மாறிவிட்டது. கஞ்சத்தனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நாற்பது ஐம்பது பேரின் உடம்பை நினைத்து ஒருவர் காலை வைக்கிறார், எடுக்கிறார். டீசல் மிச்சமாவது அதன் கூடவே வருகிறது.

*

காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. 80-இலிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்கு கூடும். தடை பாதிக்கு மேல் கூடிவிடும். செங்கல்பட்டைத் தாண்டித் திருச்சிச் சாலை விரியும்போது கை கால் பரபரப்பது இயல்பு. ஆனால் 100 கிலோமீட்டர் தூரத்துக்கு நாம் பெறுவது 15 நிமிடம். வழியில் ஒரு டீக்கடையில் அது போய்விடும்.

*

டயரில் காற்று குறைந்தால் வண்டி தன்னையே இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பங்க்கில் காற்று இலவசம். ஓடிச் சூடேறுவதற்கு முன் பிடிப்பது நல்லது. பைக்கில் போகிறவர்கள் பின் பிரேக் மேல் காலை ஊன்றியே வைத்திருக்கும் பழக்கத்தையும் இங்கே சேர்க்க வேண்டும்.

*

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் என்றால் நியூட்ரலில் விட்டு எண்ணெய் மிச்சம் பிடிப்பது என்று ஒரு பழக்கம் இன்னும் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் அதற்குக் கொஞ்சம் நியாயம் இருந்தது: கியரில் இறங்கினாலும் வேகமாகச் சுழலும் எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டிருக்கும். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டி அப்படியில்லை. கியரில் வைத்துக் காலை எடுத்தால் சக்கரமே எஞ்சினைச் சுற்றும். பெட்ரோல் வருவது நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எரியும். 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்தபிறகு வந்த பெரும்பாலான பைக்குகளும் இன்ஜெக்‌ஷன்தான்.

ஆக, நியூட்ரலில் மிச்சமும் இல்லை. எஞ்சினின் பிடிப்பும் போய், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. அது காய்ந்து பிடிப்பை இழக்க நான்கைந்து வளைவே போதும். எஞ்சினையே அணைத்துவிடுகிறவர்களும் உண்டு. பெடல் கல்லாக இறுகிவிடும் என்பதை அவர்களிடம் யாராவது சொல்லியாக வேண்டும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று மலையில் ஓட்டும் பழைய ஓட்டுநர்கள் சொல்வதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

குறுகிய மலைச் சாலையில் இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. வழிவிட்டு நின்றவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே மறுபடி உருளத் தொடங்குவார். ஏறி வரும் லாரி அந்தச் சரிவில் நின்றுவிட்டால், கிளட்ச் கருக, முதல் கியரில், இவ்வளவு நேரம் சேர்த்த ஓட்டத்தை முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும்.